வெள்ளிக்கிழமை வீராங்கனை

“மட்டையெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு அப்புறமும் எங்ககிட்டயே இருக்கணும் சார்.”

கேட்டேவிட்டாள் ஜெயப்பிரியா. “வேற என்னத்த வேணும்னாலும் கேளு. மட்டையப் பத்தி மட்டும் வாயத் திறந்துராதட்டி” என்று, காலையில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குக் கிளம்பும்போதுகூட அம்மா சொல்லிவிட்டுத்தான் போனாள்.

விளையாட்டு ஆசிரியர் சௌந்தரபாண்டியன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “முதல்ல படத்த முடி. மத்தத அப்புறம் பாப்போம்.”

அப்புறம் என்ன நடக்கும் என்று அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். போன வருஷம் ஊர் விளையாட்டுச் சங்கத்தார் பெண்கள் அணிக்கு ஜெர்சி கொடுத்தார்கள். பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். மறுநாளே ஜெர்சி பையன்கள் முதுகில் ஏறிவிட்டது. இந்த வருஷம் ஹாக்கி மட்டை. வெள்ளிக்கிழமை அதைக் கொடுக்க வரும் சங்கத்தாருக்குக் காட்ட ஒரு பெண்கள் அணி வேண்டும். அணிக்கு ஆள் சேர்க்க ஒரு படம் வேண்டும்.

அதை வரைய ஜெயப்பிரியாவைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. வரலாற்றுக் கண்காட்சிக்காக அவள் இரண்டாம் உலகப் போர்க்காலச் சுவரொட்டி ஒன்றைப் பார்த்து வரைந்திருந்தாள். தலையில் துணி கட்டி, ஸ்பானரை உயர்த்திப் பிடித்து, மலை மாதிரி நிற்கும் ஒரு பெண். ஆண்கள் போருக்குப் போனதால் ஆலைகளில் ஆள் இல்லை; அதனால் இப்படிப் படம் போட்டுப் பெண்களைக் கூப்பிட்டார்கள் என்று டீச்சர் சொன்னார்.

“போர் முடிஞ்ச பிறகு, டீச்சர்?”

“நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

அந்தப் பதில் ஜெயப்பிரியாவுக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது.

இப்போது அவள் வரைந்த பெண் ஹாக்கி மட்டையை ஓங்கிக்கொண்டு நின்றாள். முகம் அப்படியே தோழி சத்யபிரியாவின் முகம். வளைந்த கருவைக் கம்பை வைத்துக்கொண்டு கரிசல் காட்டில் தினமும் பந்தடிப்பவள் அவள். படத்தைப் பார்த்தால் முதல் ஆளாக ஓடி வருவாள். சனிக்கிழமை மறுபடியும் கருவைக் கம்புதானா?

‘வீராங்கனையே, வா!’ என்று எழுதியிருந்தாள். தூரிகையை நன்றாகத் தோய்த்து, கீழே இன்னொரு வரி சேர்த்தாள்.

‘வெள்ளிக்கிழமை மட்டும்.’

“ஏட்டி! என்னத்த எழுதி வச்சிருக்க?”

“நடக்கப்போறதத்தான் சார்.”

பக்கத்தில் நின்ற பையன்கள் அணித் தலைவன் பேச்சிராஜா சிரித்துவிட்டான். சார் முறைத்ததும் பாதிச் சிரிப்பை விழுங்கினான்.

“அத அழி.”

“சனிக்கிழமையும் மட்டை உண்டுன்னு சொல்லுங்க, அழிச்சிருதேன். இல்லாட்டி, என் படத்த நம்பி வாரவளுக்கு நான் என்ன சார் பதில் சொல்ல?”

“பயலுவளுக்கு ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்குல்லா?”

“எங்களுக்கு மேட்சே இல்லையே சார்.”

சார் விசிலைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். “நாளைக்குச் சொல்லுதேன்” என்றார், முன்னைவிட மெதுவாக.

“சரி சார். வெள்ளைப் பெயிண்ட் எங்கிட்டத்தான் இருக்கு.”

ஈரப் பெயிண்ட் கலையாமல் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலில் காத்திருந்த சத்யபிரியா கூடவே ஓடி வந்தாள்.

“என்னட்டி சொன்னாரு?”

“சனிக்கிழமை வெளையாட்டு உண்டு” என்றாள் ஜெயப்பிரியா, நிற்காமல். “மட்டையா, கருவைக் கம்பாங்கிறதுதான் பாக்கி.”