ஒரு 'க்கு' குறைகிறது

அன்று மாலை செயலியில் ஒரு 'க்கு' குறைந்திருந்தது.

பாடப்புத்தகம் போடும் பதிப்பகத்தில் பதினோரு வருடமாகப் பிழை திருத்துகிறவள் அவள். ஒற்று ஒன்று விட்டுப்போனாலே பல்லைக் கடிப்பாள். செயற்கைக்கோள்கள் தலைக்கு மேல் போகும் நேரத்தைச் சொல்லும் அந்தச் செயலியை ஆறு வயது மகளுக்காகத்தான் கைபேசியில் ஏற்றியிருந்தாள். தினமும் மாலையில் இருவரும் மொட்டைமாடிக்குப் போவார்கள். சத்தமில்லாமல் நகரும் வெளிச்சப் புள்ளியைப் பார்த்துக் குட்டி கையை ஆட்டுவாள். இதுவரை "உங்களுக்குத் தெரியும், 6.47" என்ற மாதிரி வந்துகொண்டிருந்த வரி, அன்று "நீங்கள் தெரிவீர்கள், 6.47" என்று வந்தது.

"ஒரு 'க்கு' போனதுக்கா இந்தக் குதி குதிக்கிற?" பேருந்து ஓட்டும் கணவன், மாலை ஷிப்டுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டே சிரித்தான்.

"அர்த்தமே தலைகீழா மாறுதுங்க. நாம அதப் பாக்கறது போயி, அது நம்மளப் பாக்குதுன்னு ஆகுது."

"பாத்துட்டுப் போகட்டும், விடு."

அவனுக்கு எல்லாமே 'விடு'தான். அந்த எரிச்சலையும் சேர்த்து, செயலிக்காரர்களுக்குக் காரசாரமாக நாலு வரி புகார் எழுதி அனுப்பினாள். பிறகு வழக்கம்போல் குட்டியோடு மாடிக்குப் போனாள்.

மறுநாள் மதியம் பதில் வந்தது. "பிழை இல்லை." அவ்வளவுதான். அதன் கீழே அன்றைய வரி: "நீ தெரிவாய், 6.47."

அவளுக்கு இரத்தம் கொதித்தது. புகார் செய்தால் 'நீ'யா? எவ்வளவு திமிர் இருந்தால் ஒருமையில் பேசுவார்கள்? வேலை முடிந்து வீடு திரும்பும் வழியெல்லாம் மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். பக்கத்து வீட்டிலிருந்து குட்டியைக் கூட்டிக்கொண்டு கதவில் சாவியை நுழைக்கும்போதுதான் அது உறைத்தது. நேற்று வந்த 'நீங்கள்' மரியாதை இல்லை, பன்மை. மாடியில் நேற்று இரண்டு பேர் நின்றார்கள். இன்று அது ஒருத்தியை மட்டும் சொல்கிறது.

"அம்மா, மாடிக்குப் போலாமா?"

"இன்னிக்கு வேண்டாம்."

"அது வந்து தேடுமே."

"தேடட்டும்."

ஜன்னல்களைச் சாத்தி, திரைகளை இழுத்துவிட்டு, மாடிக்கதவின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, நடு அறைக் கட்டிலில் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, தெருவில் போகும் வண்டிகளின் இரைச்சலும் குளியலறைக் குழாயின் சொட்டும் சமையலறையில் குளிர்ப்பெட்டியின் உறுமலும் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே வந்து, கடைசியில் குழந்தையின் மூச்சு மட்டும் கேட்டது. கணவனைக் கூப்பிட்டாள். வண்டி ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான். துணி தேய்க்கையில் கருகினால் வருமே, அந்த வாசம் கூரையிலிருந்து இறங்கியது.

6.46.

குட்டி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். இன்னொரு கையை மெல்ல ஆட்டினாள்.

"கையை இறக்குடி."

"அதுதாம்மா மொதல்ல ஆட்டுச்சு."

அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. என் வீட்டுக்குள் வந்து, என் பிள்ளையையா? இடது கை குட்டியின் கையை இறுக்கியது. வலது கையால் செயலியை அழிக்கப் போனாள். கட்டைவிரலால் அதன் படத்தை அழுத்தினாள். ஒரு கேள்வி வந்தது. கீழே 'ஆம்', 'இல்லை'. இதைப் போய்ப் படிக்க வேண்டுமா என்ன? 'ஆம்' என்பதை நகம் வலிக்க அழுத்தினாள்.

6.47.

இடது கை இறுக்கி மூடியபடியே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

கட்டிலில் சின்னப் பள்ளம். சூடு ஆறவில்லை.

அப்புறம்தான் திரையில் இன்னும் போகாமல் நின்ற கேள்வியைப் படித்தாள். "எடுத்துக்கொள்ளவா?"

இரவெல்லாம் போலீஸ் கேட்டதையே கேட்டது. உள்தாழ்ப்பாள் போட்ட வீட்டிலிருந்து குழந்தை எப்படிப் போகும் என்று கணவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் கைபேசியைக் காட்டினாள். அவன் அதைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தான். திரையில் விரிசல் விழுந்தது. செயலி போகவில்லை.

மறுநாள் மாலை அதில் ஒரே ஒரு வரி.

"நாங்கள் தெரிவோம், 6.51."

'நாம்' இல்லை. 'நாங்கள்'. படிக்கிறவளைச் சேர்க்காத சொல். எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். பிழை இல்லை.

மாடிக்கு ஓடினாள். வானம் இன்னும் முழுதாக இருட்டவில்லை. மேற்கே இரண்டு புள்ளிகள் எழுந்தன. பெரியது நேராக நகர்ந்தது. அதை ஒட்டியே ஒரு சின்னப் புள்ளி.

"கையை இறக்குடி" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

சின்னப் புள்ளி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே அவள் தலைக்கு மேல் கடந்து போயிற்று.