பாயிண்டுக்கு நடுவில் ஓலை

பானட்டில் வைத்த கையை ஜோஷ்வா சட்டென்று எடுத்துக்கொண்டான். சுட்டது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து யாரும் வண்டியை எடுக்கவில்லை, சாவி அவன் தலையணைக்கடியில் கிடந்தது, போடியில் விடாமல் பெய்த மழையில் கொட்டகைச் சுவர்கூடக் குளிர்ந்து ஊறிக் கிடக்க, அந்தப் பழைய கறுப்பு அம்பாசிடரின் மூக்கு மட்டும் அப்போதுதான் தேனி வரை போய்வந்தது போலக் காய்ந்துகொண்டிருந்தது. ஏதாவது ஒயர் உரசியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பயந்தவன் முதலில் ஒயரைத்தான் குற்றம் சொல்வான்.

இஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பழைய பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டச் சொன்னது அவன்தான். மனைவி ஜெனிபருக்கு மாசம் நிறைந்துவிட்டது. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே வண்டியில்தான் அவன் அம்மாவைப் பிரசவ வலியோடு தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கோடாங்கிபட்டி தாண்டி, புளியமரங்களுக்குக் கீழே, கொட்டுகிற மழையில் வண்டி நின்றுபோனது. பாயிண்ட் கருகியிருந்தது. அப்பா பொன்னுராஜ் தீப்பெட்டியின் உரசுபட்டையைக் கிழித்து அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் தோளைப் பின்னாலிருந்து அம்மாவின் இடது கை பற்றியிருந்தது, நீலகிரித் தைல வாடையோடு, மணிக்கட்டில் கொதிகஞ்சி கொட்டிய பழைய தழும்போடு. வண்டி கிளம்புவதற்குள் அந்தக் கை குளிர்ந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளையும் பிழைக்கவில்லை. அது தன் மனைவிக்கு நடந்துவிடக் கூடாது என்பதைத் தவிர ஜோஷ்வாவுக்கு இப்போது வேறு ஜெபமே கிடையாது.

அதற்குப் பிறகும் அப்பா வண்டியை விற்கவில்லை. பகலில் ஏலக்காய்க் கடைக்கு ஓட்டுவார். பொழுது சாய்வதற்குள் கொட்டகையில் விட்டு, பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, இரண்டு சின்ன உதடுகள் போலத் திறந்து மூடுகிற அந்தப் பாயிண்டுக்கு நடுவில், குருத்தோலை ஞாயிற்றுக்குக் கோயிலில் கொடுத்த ஓலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துச் செருகிவிடுவார். ஓலை நடுவில் இருக்கிறவரை பொறி விழாது, வண்டி கிளம்பாது. "வாயடைச்சு வச்சாத்தாம்லே நமக்குத் தூக்கம்" என்பார். திருட்டுப் பயம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். கடை வைத்திருப்பவருக்குத் திருடன் பயம் இருப்பதில் என்ன அதிசயம்? போன வருஷம் அவர் கண்ணை மூடிய பிறகும், அப்பா செய்ததை விடுவானேன் என்று ஜோஷ்வா சாயங்காலம் தவறாமல் ஓலை செருகி வந்தான்.

தேனியிலிருந்து வந்த மெக்கானிக் தங்கப்பாண்டி அந்த ஓலையை உருவி எடுத்துப் பார்த்துச் சிரித்தான்.

"என்னண்ணே, வண்டிக்கு வாய்க்கரிசி போட்டு வச்சிருக்கீக?"

"அப்பா பழக்கம். திருட்டுக்குப் பயந்து வச்சாக."

"இனிமே செருக எடமே இல்லண்ணே. தொடுறது, உரசுறது, கருகுறது ஒண்ணும் கெடையாது. உள்ள காந்தம் சுத்துனாப் போதும், பொறி விழுந்துரும். எம்புட்டு மழை பெஞ்சாலும் ஒரே சாவிதான்."

சொன்னபடியே இருந்தது. சாவியைத் திருப்பியதும் இருமாமல் திணறாமல் இஞ்சின் பிடித்துக்கொண்டது. கழற்றிய பாயிண்டையும் ஓலையையும் டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டு, ஜோஷ்வா அன்று நிம்மதியாகச் சாப்பிட்டான்.

பானட் சுட்டது அதற்குப் பிறகுதான். அடுத்த நாள் பின் சீட்டின் இடது பக்கம் மட்டும் நனைந்திருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்தது, கூரை ஒழுகவில்லை. சீட்டைத் துடைத்த துணியை மூக்கருகே கொண்டுபோனான். நீலகிரித் தைலம். அதற்கடியில், மழையில் ஊறிய நூல் சேலையின் வாடை. அதற்கும் அடியில் வேறொன்று, கசாப்புக் கடை வாசலைக் கடக்கும்போது அடிக்குமே, அது. துணியைத் தூர எறிந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினான். ஜெனிபரிடம் சொல்லவில்லை. பிள்ளைத்தாச்சியிடம் எதைச் சொல்வது?

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் கொட்டகைக்குள் இஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது. மழைச் சத்தத்துக்குள் தாழ்வாக, ஒரே சீராக, ஒரு துடிப்புகூடத் தவறாமல். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது. கொட்டகைக் கதவை அவன் திறந்ததும் சத்தம் நின்றது. டிரைவர் சீட்டில் யாருமில்லை. பின் சீட்டில் இடது பக்க மெத்தை மட்டும் அமுங்கியிருந்து, அவன் பார்க்கப் பார்க்க மெல்ல எழும்பியது.

அப்பா யாருக்குப் பயந்தார் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேராதவள். பொழுது சாய்ந்தால் கிளம்பப் பார்க்கிறவள்.

பேட்டரி ஒயரைக் கழற்றித் தொங்கவிட்டான். தங்கப்பாண்டிக்குப் போன் போட்டான்.

"தங்கப்பாண்டி, அந்தப் பழைய பாயிண்டையே மாட்டிரு. இப்பவே வா."

"என்னண்ணே வெளாடுறீகளா? மழை வெறிக்கட்டும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துருறேன்."

மறுநாள் தங்கப்பாண்டி வரவில்லை. பொழுது சாயும்போது கரண்டும் போனது. அடுத்த நிமிஷம் ஜெனிபருக்கு வலி எடுத்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து வண்டியெல்லாம் அங்கே போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினான். ஒரு வண்டியும் இல்லை. நனைந்து திரும்பி வந்தால், கட்டில் காலியாகக் கிடந்தது.

கொட்டகையில் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெனிபர் பின் சீட்டில் வலது ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு.

"யாரு ஜெனி உன்னைய இங்கன கூட்டியாந்தது?"

"அத்ததான். கையப் பிடிச்சு மெதுவாக் கூட்டியாந்தாக." அவள் பல்லைக் கடித்தாள். சுவரில் மாட்டிய போட்டோவைத் தவிர அவள் தன் மாமியாரைப் பார்த்ததே கிடையாது. "எடுங்க. ரெண்டு பேருக்கும் வலி எடுத்துருச்சு."

டேஷ்போர்டிலிருந்து ஓலையை எடுத்துக்கொண்டு ஓடிப் பானட்டைத் தூக்கினான். பேட்டரி ஒயர் அவன் கழற்றிவிட்டபடியே தொங்கியது. இஞ்சின் ஓடியது. எங்கே செருகுவது? உதடு இல்லை. இடுக்கு இல்லை. அதையெல்லாம் காசு கொடுத்துக் கழற்றச் சொன்னவன் அவனேதான்.

ஜெனிபர் அலறினாள்.

வேறு வழி இல்லை. பானட்டை மூடி, ஓலை கையிலிருக்க ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் சாவியைச் சொருகினான்.

ரோட்டில் தண்ணீர் ஓடியது. வைப்பர் அடித்தது. தைல வாடை. பின்னால் இரண்டு மூச்சு. ஒன்று மேலே ஏறும்போது மற்றது இறங்கியது. கோடாங்கிபட்டி. புளியமரங்கள். நின்றுவிடும், இங்கேதான் நின்றுவிடும் என்று ஆக்சிலேட்டரை அழுத்தினான். ஒரு பிசிறு இல்லை. ஓடியது. மரங்கள் பின்னால் போயின. ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னான்.

பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பற்றியது.

"பயப்படாத ஜெனி. வந்துட்டோம்," என்றான் ஜோஷ்வா.

கண்ணாடியில் பார்த்தான். ஜெனிபரின் இரண்டு கைகளும் அவள் வயிற்றின் மேல் இருந்தன.

தோளிலிருந்த கை விலகவில்லை. அவன் திரும்பவும் இல்லை. ஆஸ்பத்திரி வெளிச்சம் வரும்வரை திரும்பவில்லை.

வாசலில் ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் ஓடிவந்தார்கள். நர்ஸ் பின் கதவைத் திறந்தாள், இடது பக்கத்துக் கதவை.

"ரெண்டு பேரு இருக்காகளா? இந்தம்மாதான் ரொம்பத் துவண்டு கெடக்காக. இவுகள மொதல்ல தூக்குங்க."

தூக்கினார்கள். தள்ளினார்கள். அவன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கூடவே ஓடினான். எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டான். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல ஜெனி. கை ஈரமாக இருந்தது. ஐஸாகக் குளிர்ந்தது. வராந்தா விளக்குக்குக் கீழே போனபோது மணிக்கட்டு தெரிந்தது.

கஞ்சித் தழும்பு.

அவள் அவனைப் பார்த்தாள். போட்டோவில் இருந்த அதே வயசு. அவனைவிடச் சின்னவள்.

"ஏலே ஜோசு," என்றாள். "இந்தத் தடவ கொண்டாந்து சேத்துட்டயேலே."

ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூடியது. வெளியே கார்க் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

வாசலுக்கு ஓடினான். வண்டி ஏற்கனவே திரும்பியிருந்தது, போடி ரோட்டைப் பார்த்து. ஸ்டியரிங்கில் யாருமில்லை. பின் கண்ணாடியில் ஜெனிபரின் இரண்டு உள்ளங்கைகள் அடித்துக்கொண்டிருந்தன. வாய் அவன் பெயரைச் சொன்னது. சத்தம் வரவில்லை. இஞ்சின் சத்தம் மட்டும், தாழ்வாக, சீராக, புளியமரங்கள் இருக்கிற பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது.

அவன் ஒரு கையில் சாவி இருந்தது. மறு கையில் ஓலைத் துண்டு. முதுகுக்குப் பின்னால், மூடிய கதவுக்குள், ஒரு பிள்ளை அழுதது.