ஒரு புள்ளி குறையுது, சேர்...

"எண்பத்து நாலு புள்ளிக்கு 'சி'யா? யாருங்க அந்தக் கல்நெஞ்சக்காரர்?"

பின் இருக்கையிலிருந்து வந்த குரலைக் கேட்டு ஜோசப்பின் வெடுக்கென்று திரும்பினாள். யட்டவத்தையிலிருந்து மாத்தளைக்குப் போகும் காலை பஸ். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. மடியில் விரித்து வைத்து அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த விடைத்தாளை, யாரோ ஒருவன் அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறான்.

நனைந்த தலைமுடி... சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்... அந்தக் கண்களைப் பார்த்ததும், திட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த சொற்களில் பாதி காணாமற்போயின. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ஒழுங்காகவே திட்டினாள்.

அவன் அசைந்தால்தானே? தன் பெயர் ரொமேஷ் என்றும், கணித ஆசிரியன் என்றும், அலுவிகாரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு இப்போதுதான் மாற்றலாகி வந்திருப்பதாகவும் கேட்காமலே சொன்னான். தன் வகுப்பில் எழுபத்தைந்துக்கே 'ஏ'; கையெழுத்து அழகாக இருந்தால் இரண்டு புள்ளி கூடப் போடுவதும் உண்டாம். ஜோசப்பினுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? அவள் படிக்கும் தாதியர் கல்லூரியில் 'ஏ' தொண்ணூற்று மூன்றில்தான் தொடங்கும். எண்பத்தைந்துக்குக் கீழே போனால் 'சி'. எழுபத்தேழுக்குக் கீழே போனால் பெயில். அரைப் புள்ளிக்கும் இரக்கம் கிடையாது. இத்தனைக்கும் மேல், எல்லாப் பாடங்களுக்குமான சராசரி, அந்த ஜீ.பி.ஏ., மூன்றுக்குக் குறையக் கூடாது என்று ஒரு சட்டம் வேறு. குறைந்தால் அடுத்த தவணை ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்ப மாட்டார்கள். கீழ்வகுப்புப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார வேண்டியதுதான். இந்த 'சி' அவளை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. வரப்போகும் செய்முறைப் பரீட்சையில் 'ஏ' எடுத்தாலொழிய தப்ப வழியில்லை. அப்பா வின்சன்டோ, மகள் வார்டுக்குப் போகப் போகிறாள் என்று தாங்கள் குடியிருக்கும் தோட்டம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

ஆனாலும் சொந்தக் கல்லூரியை வெளியாளிடம் விட்டுக்கொடுப்பாளா?

"உங்க ரெண்டு மார்க்ல ஒரு பிள்ளை கணக்கத்தான் பிழையாப் போடும், சேர். எங்க ரெண்டு மார்க்ல ஒரு உயிரே போயிரும்."

அவள் பக்கத்து ஜன்னல் மூட மறுத்து மழையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. ரொமேஷ் எழுந்து, பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்து, அந்த ஜன்னலை மறைத்துப் பிடித்துக்கொண்டான். கண்டக்டர் சிரித்தார். பஸ்ஸே சிரித்தது. மாத்தளை வந்து சேரும்வரை ஒரு துளி மழை அவள் மேல் விழவில்லை. 'சரியான கிறுக்கு...' என்று நினைத்துக்கொண்டே இறங்கியவள், ஏனோ அன்று முழுக்கச் சிரித்த முகத்தோடு இருந்தாள்.

அதற்குப் பிறகு காலை பஸ் பயணம் அவளுக்குச் சுருங்கிப் போயிற்று. ஏறினால் இறங்கும் இடம் வந்துவிடும். அவன் தன் வகுப்புக் குறும்புகளைச் சொல்வான். அவள் எலும்புகளின் பெயர்களை ஒப்பிப்பாள். அவன் ஒன்றுவிடாமல் கேட்பான்.

செய்முறைப் பரீட்சை நாள் வந்தது. நோயாளிகளாகப் படுத்துக்கொள்ள மாதா கோயில் இளைஞர் மன்றத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். கூலி, தின்ன ஒரு பணிஸும் குடிக்க ஒரு பிளேன்டியும். தனக்குக் கிடைத்த மூன்றாம் கட்டிலை நோக்கிப் போன ஜோசப்பின் அப்படியே நின்றாள். கழுத்துவரை இழுத்த போர்வைக்கு மேலே, அந்தச் சிரிப்புக் கண்கள்...

தாதியர் கல்லூரியில் முதற் பாடமே ஒன்றுதான். கட்டிலில் கிடப்பது பெற்ற தகப்பனே ஆனாலும், தொடுவதற்கு முன் முழுப் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அதை மறந்தால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பெயில். ஜோசப்பின் நூறு தடவை பழகிய பாடம் அது. அன்றைக்கு நேரே போய் அவன் கையைப் பிடித்துவிட்டாள்.

பரீட்சகர் மிசிஸ் யோகேந்திரன் அந்நேரம் அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் வந்து, வழக்கம்போல நோயாளியிடமே விசாரித்தார். இவர் உங்கள் பெயரைக் கேட்டாரா?

"கேட்டாங்க, மெடம்," என்றான் ரொமேஷ், கண் இமைக்காமல்.

'ஏ' கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஜோசப்பின் மெடத்தின் பக்கம் திரும்பினாள்.

"இல்ல மெடம். நான் கேக்கல."

"ஏன்?"

"எனக்கு... இவர் பேரு தெரியும்."

பரீட்சை மண்டபம் குபீரென்று சிரித்தது. தோழி மபாஸா இருமலை வரவழைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். மெடம் மட்டும் சிரிக்கவில்லை. பெயில் என்று எழுதி, அடுத்த வாரம் மறுபரீட்சை, அதுவே கடைசி வாய்ப்பு என்றார்.

வாசலில் ரொமேஷ் ஓடி வந்தான், எல்லாம் அவளுக்காகத்தான் என்று.

"எனக்காகப் பொய் சொல்லுங்கன்னு நான் கேட்டேனா? அந்தப் பொய்யால 'ஏ' எடுத்துட்டு, நாளைக்கு வார்ட்ல நான் ஆள் மாறி மருந்து குடுத்தா அப்பவும் வந்து சொல்லுவீங்களா?"

அவன் முகம் வாடியது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்த வாரம் முழுக்க சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்து போனாள். பொய்க்காக வந்த கோபம் பாதிதான் என்பது அவளுக்கே தெரியும். மனதுக்குள் பொத்தி வைத்திருந்ததை ஊர் பார்க்கத் தானே கொட்டிவிட்டோமே என்ற வெட்கம்தான் மீதி. அதையும் சேர்த்து அவன் தலையில் கட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்?

மறுபரீட்சைக்கும் அவன் வந்திருந்தான். அதே மூன்றாம் கட்டில். ஆனால் கண்களில் அந்தச் சிரிப்பு இல்லை... அது அவளுக்கு வலித்தது.

"நான் ஜோசப்பின், தாதி மாணவி. உங்க முழுப் பேரச் சொல்லுங்க."

"சூசை அந்தோனி ரொமேஷ்."

பிறந்த திகதியையும் கேட்டுச் சரிபார்த்துவிட்டு நாடி பிடித்தாள். நூற்றுப் பன்னிரண்டு. இருக்காதே என்று மறுபடி எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டேதான். எழுதிக் கொடுத்தாள். மிசிஸ் யோகேந்திரன் தானும் பிடித்துப் பார்த்தார். எண்பது.

மெடத்தின் புருவம் ஏறியது. எண்ணத் தெரியவில்லையா, எண்ணாமலே எழுதினாயா என்று கேட்டார். எண்ணாமல் எழுதினால் அதற்கும் பெயில்தான். எண்பது என்று திருத்திவிட்டால் தப்பலாமோ என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை.

"எண்ணித்தான் எழுதினேன், மெடம். மாத்த மாட்டேன்."

கட்டிலில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"மெடம்... அவங்க எண்ணினது சரி. அவங்க கை பட்டா அப்படித்தான் ஓடுது. முதல் நாள் பஸ்ல பாத்ததுல இருந்தே எனக்கு இப்படித்தான்."

இம்முறை மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மெடம் கண்ணாடிக்கு மேலால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜோசப்பினை மறுபடி ஒரு கையைப் பிடிக்கச் சொல்லி, மறு கையைத் தான் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நூற்றுப் பதினாறு.

தொண்ணூற்று நான்கு என்று எழுதினார். 'ஏ'. இந்த நோயாளிக்குத் தரத் தங்களிடம் மருந்து இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வெளியே அதே மழை. வாசலில் குடையோடு அவன் நின்றிருந்தான்.

"அன்னிக்குச் சொன்ன பொய்க்கு மன்னிச்சிருங்க. இன்னிக்குச் சொன்னது பொய்யில்ல. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, ஜோசப்பின்."

அவள் மழையைப் பார்த்தாள்.

"எனக்கும்தான்... இல்லாட்டி பேரக் கேக்க மறப்பேனா?"

போன சிரிப்பு அவன் கண்களுக்குத் திரும்பி வந்தது. அப்படியானால் தனக்கு எத்தனை மார்க் என்று கேட்டான். தொண்ணூற்றிரண்டு என்றாள். அது 'பி' ஆயிற்றே, கையெழுத்துக்காவது ஒன்று போடக் கூடாதா என்று கெஞ்சினான்.

"ஒரு புள்ளி குறையுது, சேர். எங்க கொலிஜ்ல கூட்டிப் போடுற பழக்கம் இல்ல." அவள் குடைக்குள் வந்து நின்றாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா அப்பா வீட்லதான் இருப்பாரு. வந்து மறுபரீட்சை எழுதுங்க... முதல்ல முழுப் பேரத்தான் கேப்பாரு."