உமைநங்கையின் செஞ்சந்தனக் களிம்பு

மேற்றிசை மலைகளுக்கு அப்பால் கதிரவன் சரிந்துகொண்டிருந்தான். பகலெல்லாம் அனலைக் குடித்துக் கிடந்த ஆற்று மணல் இன்னும் வெம்மையைக் கக்கிக்கொண்டிருக்க, நடுவே ஓடிய நீர் செந்நிறம் பூண்டு, அக்கரையில் எழுந்த செங்கானூர்க் கோட்டையின் மதில்களைத் தன்மேல் தாங்கி மெல்ல அசைத்தது. இக்கரையில் முற்றுகைப் படையின் பாசறை. நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத அந்த மணல்வெளியில் கோடை முழுவதும் காவல் நின்ற வீரர்களின் தோல் கன்றிக் கொப்புளித்திருந்ததைச் சொல்லவும் வேண்டுமோ, அன்பார்ந்த வாசகர்களே?

பாசறை மருத்துவச்சி உமைநங்கை, கற்றாழைச் சோற்றையும் அரைத்த செஞ்சந்தனத்தையும் நல்லெண்ணெயில் குழைத்துக் களிம்பு செய்தாள். மாலையில் அதைப் பூசிக்கொண்டவர்களின் தோல் தேறிவந்தது. நீர் சுமக்கும் கீரனுக்கு மட்டும் பலிக்கவில்லை. மாலைதோறும் அவள் தன் கையாலேயே பூசியும் அவன் முகம் கருகி, உரிந்து, வெடித்துக்கொண்டே போயிற்று.

அன்று படைத்தலைவர் விழுப்பரையர் அம்முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இதுதான் உன் மருந்தின் இலட்சணமோ? சமையலுக்கு ஆகும் எண்ணெயை இதில் கொட்டுகிறாய். இன்னொரு முறை குறை கண்டால் ஒரு சொட்டும் தரமாட்டேன்."

மனம் புழுங்கியவளாய் அவள் கீரனைத் தேடித் துறைக்குச் சென்றாள். அங்கே அவன் ஈர மணலால் முகத்தைத் தேய்த்துக் களிம்பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தினமும் இதைத்தான் செய்கிறாயா?" என்றாள். "ஏன் என் உழைப்பையெல்லாம் பாழாக்குகிறாய்?"

அவன் நிமிர்ந்தான். கூனிய தோள்கள் நிமிர்ந்தபோது நீர் சுமப்பவன் மறைந்துபோனான்.

"பொறுத்தருள வேண்டும், நங்கையே. வெண்கொற்றக் குடை நிழலில் இருந்த முகத்தை இப்படையில் பலர் கண்டிருக்கிறார்கள். வெந்து உரிந்த முகத்தை எவரும் உற்று நோக்குவதில்லை. நான் செங்கானூர் இளவரசன் ஆதன்வேள்."

அவள் அக்கரைக் கோட்டையையும் அவன் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"கோட்டையில் தானியம் தீர்ந்துவிட்டது. குழந்தைகளையும் பெண்டிரையும் ஓடத்தில் அனுப்ப, இக்கரைக் காவல் எங்கே தளர்கிறது என்று அறிய வந்தேன். தாங்கள் பூசியதைக் கழுவும்போதெல்லாம் என் மனம் இசைந்ததில்லை. காவலரை அழைப்பதானால் அழையுங்கள்."

அவள் காவலர் நின்ற பக்கம் திரும்பினாள். ஆனால் அவர்களை அழைக்கவில்லை. அவன் தலை தாழ்த்தி வணங்கி, ஓசையின்றி நீரில் இறங்கி அக்கரை நோக்கி நீந்தினான்.

இருட்டிய பின்னும் நீர் வந்து சேராததால் விழுப்பரையர் அவள் கூடாரத்துக்கு வந்துவிட்டார்.

"கீரன் வெயிலுக்கு அஞ்சி ஓடிவிட்டான். உன் களிம்பை நம்பியவன் கதி அதுதான்."

"களிம்பில் குறையில்லை, ஐயா. அவன்தான்..."

"அவன்தான்?"

உமைநங்கை தலை குனிந்தாள். "ஒன்றுமில்லை."

அவர் கண்காட்ட, வீரர்கள் எண்ணெய்ச் சாடிகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிச் சென்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வழிவிட்டு நின்றாள்.