ஒரு தடவைதான் அழுத்துவாள்

வீட்டுக்காரரிடம் சாவியை ஒப்படைக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்த கதவைத் தங்கைதான் தள்ளித் திறந்தாள். பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. அதற்கடியில் மருந்து வாடை. வெளியே பிற்பகல் வானம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

"நீ கம்ப்யூட்டரை மட்டும் பாருண்ணா. மத்ததெல்லாம் நான் கட்டிக்கிறேன்," என்றாள். அண்ணனை உள்ளறைப் பக்கம் விட அவளுக்கு மனமில்லை.

முன்னறை மேசையில் லேப்டாப் வைத்தது வைத்தபடி இருந்தது. தூசியைத் துடைத்து உயிர் கொடுத்தான். அதன் பக்கவாட்டில் நகத்தளவு யூஎஸ்பி துண்டு ஒன்று செருகியிருந்தது. அது அழைப்பு மணியின் காது. உள்ளறையில் படுத்த படுக்கையாகிவிட்ட அவன் மனைவியின் கையில் ஒரு பொத்தான் இருக்கும். அவள் அழுத்தினால் லேப்டாப்பில் மணி அடிக்கும், இவன் போட்டது போட்டபடி ஓடுவான். ஒரு வருஷம் அப்படித்தான் ஓடியது.

அவள் ஒரு தடவைதான் அழுத்துவாள். "ஒரு தடவை கூப்பிட்டா வராத ஆளு, ஒன்பது தடவை கூப்பிட்டா மட்டும் வந்துடுமா?" என்று சிரிப்பாள். வேலை செய்கிறவனைத் தொந்தரவு பண்ணுகிறோமே என்ற கூச்சம்தான் அது. அவனுக்கும் தெரியும்.

அந்த லேப்டாப்பை இயக்கும் லினக்ஸில் ஒரு வசதி உண்டு. இரண்டு நொடி வேலையில்லாமல் சும்மா இருந்தால், யூஎஸ்பி கருவியைத் தானாகவே தூங்க வைத்துவிடும். பேட்டரி மிச்சம். மணித்துண்டுக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கொடுத்து வைத்திருந்தான். நான்கு மாதத்துக்கு முன், அந்தக் கடைசி நாள் காலையில், பேட்டரி சீக்கிரம் தீர்கிறதே என்று, எல்லாக் கருவிகளையும் சேர்த்து ஒரே வரியில் கட்டளை எழுதினான். விலக்கு அதில் அடிபட்டுப் போனதைக் கவனிக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் சறுக்கிய யானைதானே விழ வேண்டும்?

தூங்குகிற துண்டு முதல் அழுத்தத்துக்குக் கண் விழிக்கும், அவ்வளவுதான். அந்த அழுத்தம் காற்றோடு போய்விடும். மணி அடிக்க வேண்டுமென்றால் உடனே இன்னொரு தடவை அழுத்த வேண்டும்.

சாயங்காலம் அவன் காபியோடு போனபோது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னான். தங்கைக்கும் அதையேதான் சொன்னான்.

இப்போது துண்டின் நிலை என்னவென்று கட்டளை தட்டிப் பார்த்தான். உறக்கம் என்று காட்டியது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விழிப்பு என்று மாறியது.

இரண்டு நொடி. மறுபடி உறக்கம்.

இழுப்பறையைத் திறந்து பொத்தானை எடுத்தான். அதன் பேட்டரியை அன்றைக்கே கழற்றி எறிந்திருந்தான். மூடியைத் திறந்து பார்த்தான். காலியாகத்தான் இருந்தது.

விழிப்பு.

"இன்னொரு தடவை அழுத்தும்மா," என்று திரையிடம் கிசுகிசுத்தான். "ஒரே ஒரு தடவை."

உறக்கம்.

அவள் அழுத்த மாட்டாள். அது அவள் குணம். அந்தத் துண்டு இனித் தூங்கவே கூடாது என்று கட்டளையை மாற்றி எழுதினான். மழை பிடித்துக்கொண்டது. ஓட்டின் மேல் விழும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை.

மணி அடித்தது.

பழகிய கால்கள் தானாக ஓடின. உள்ளறையில் தங்கை கையில் கயிற்றோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். மெத்தை இல்லாத வெறும் கட்டில். இப்போதுதான் மூடி திறந்தது போல, மனைவிக்குத் தேய்த்துவிடும் தைலத்தின் வாசனை.

"வந்துட்டேன்," என்றான் கட்டிலைப் பார்த்து. "வந்துட்டேன்மா."

"அண்ணா... யாரு மணி அடிச்சது?"

"அவ தூக்கத்துல போகல," என்றான். "என்னைக் கூப்பிட்டிருக்கா. மணியைத் தூங்க வச்சது நான்தான்." அதற்குமேல் முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான்கு மாதமாக அழாத அழுகை. தங்கை அவன் தலையில் கை வைத்தாள்.

பிறகு அவளே லேப்டாப்பை அணைத்தாள். துண்டைப் பிடுங்கி அவன் சட்டைப் பையில் போட்டாள். லேப்டாப்பைத் தோள்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். இருவரும் வெளியே வந்தார்கள். அவன் கதவைப் பூட்டினான்.

படியில் கால் வைக்கும்போது, தோள்பைக்குள் மணி அடித்தது.

தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "திரும்பாதண்ணா. வா."

அவன் நகரவில்லை. அவள் ஒரு தடவைதான் அழுத்துவாள், அது முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றான்.

இரண்டாவது தடவையும் அடித்தது.