வெள்ளி நூல் அங்கி

ஊருக்கெல்லாம் செல்போன் பழுது பார்ப்பவனுக்கு, செல்போன் பக்கத்தில் இருந்தாலே துடித்துப்போகிற மனைவி வாய்த்தாள். கடைத்தெருவில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. ஆரம்பத்தில் அவனும் சேர்ந்து சிரித்தான். போகப்போகச் சிரிப்பு நின்று, கசப்பு மட்டும் நாக்கில் தங்கிவிட்டது.

மப்பும் மந்தாரமுமான ஒரு பகலில் அவர்கள் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தார்கள். இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடந்த கல் வீடு. சிக்னல் ஒரு கோடு காட்டினால் அதிர்ஷ்டம். அதற்காகத்தான் அவள் அந்த வீட்டைக் கேட்டாள்.

வண்டியிலிருந்து அவள் இறங்கியதும் சாமான் இறக்க வந்தவர்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். உச்சி முதல் கணுக்கால் வரை மூடிய சாம்பல் நிற அங்கி. உள்ளே வெள்ளி நூல் ஓடும் துணி. முகத்துக்கு மெல்லிய வலை. செல்போன் அலைகள் உள்ளே வராதாம். அப்படி இரண்டு அங்கிகள் வைத்திருந்தாள். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. பார்க்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டதும் இல்லை.

சமையலறை மூலையில் ஒரு கனத்த கதவு. அதற்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். திறந்தால் நிலவறைக்குப் படிகள் இறங்கின. ஈர மண்ணும் துருவும் கலந்த வாடை மேலே வந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். சுவர் நான்கிலும் யாரோ அலுமினியத் தாளை ஓட்டை விழாமல், மடிப்பு மடிப்பாக ஒட்டியிருந்தார்கள். பழசாகி மங்கிப்போன தாள்.

அவள் அதைக் கையால் தடவினாள்.

"ஏங்க, எனக்கு முன்னாடியே இங்க ஒருத்தங்க இப்படி உக்காந்திருந்திருக்காங்க."

"பைத்தியம் ஒண்ணோட நிக்காதுபோல" என்றான் அவன்.

அன்றோடு அவள் அவனிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வலி கூடும்போது நிலவறையில் போய் உட்காருவாள். சாப்பாட்டை அவன் ஓட்டலிலிருந்து பொட்டலமாக வாங்கி வருவான். அவன் சாப்பிட்டு எழுந்த பிறகு, தனியாக வலையைத் தூக்கிக்கொண்டு அவள் சாப்பிடுவாள். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

அவளுடைய அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியபோதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது.

கடையில் ஒரு சின்ன பட்டன் போன் கிடந்தது, ஒரு வாரம் சார்ஜ் நிற்கிற ரகம். அதை உயிரோடு அவள் அங்கிக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட வேண்டும். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு அலாரம். அண்ணன் எதிரே அது அலறும். 'இத்தனை நாளும் இதைக் கட்டிக்கிட்டுத்தான் ஜம்முனு இருந்தா உங்க தங்கச்சி' என்று அவன் சொல்லுவான். அதோடு இந்த நாடகத்துக்குத் திரை விழும்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். தொழில் அது. சிக்னல் எட்டாத இடத்தில் கிடக்கும் போன் சும்மா இருக்காது. செல்போன் கோபுரத்தைத் தேடித் தேடி, முழு பலத்தோடு கத்திக்கொண்டே இருக்கும், சூடாகும். வெள்ளித் துணிக்கு உள்ளே வைத்தால் அத்தனை கத்தலும் அவள் உடம்பின் மேல்தான் விழும். அதைத் தெரிந்துதான் உள்ளே வைத்தான்.

கொடியில் காய்ந்த அங்கியின் விளிம்பைப் பிரித்து, போனை வைத்து, மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டான். கல்யாணமான நாள் முதல் அவளுக்காக அவன் இத்தனை அக்கறையாகச் செய்த வேலை வேறு எதுவும் இல்லை.

மறுநாள் காலை அவள் அதைப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு ரொம்ப அடிக்குதுங்க. ரொம்பப் பக்கத்துல இருந்து வருது. வீட்டுல எதையாவது கொண்டுவந்து வச்சிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல. எல்லாம் உன் மனசுதான்."

வலைக்குப் பின்னாலிருந்து அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படியிறங்கி நிலவறைக்குப் போனாள். அவன் கடைக்குக் கிளம்பினான்.

மாலையில் திரும்பியபோது சமையலறை நாற்காலியில் அவள் அங்கியோடு உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். முகம் அவன் பக்கம் திரும்பியிருந்தது. அலறல் இல்லை, முனகல் இல்லை. அவனுக்கு உள்ளூரக் குஷி. மாட்டிக்கொண்டாள்!

நிலவறைக் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"கீழ ஒண்ணும் வேலை இல்லையே? சாத்திடவா?"

வலை இடமும் வலமுமாக மெதுவாக அசைந்தது. வேலை இல்லை.

அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

அதன்பின் வீடு அதிசயமாக அமைதியானது. வலி என்ற பேச்சே இல்லை. அவள் சத்தமில்லாமல் நடந்தாள், சத்தமில்லாமல் தட்டை எடுத்துவைத்தாள். கிட்டே வந்தால் மட்டும் ஈர மண்ணும் துருவும் கலந்த வாடை லேசாக அடித்தது. நிலவறையிலேயே கிடந்தால் அப்படித்தான் வாடை அடிக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

எங்கிருந்தோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மந்தமாக, விட்டுவிட்டு.

"அது என்ன சத்தம்? குழாயில காத்து அடைச்சிருக்கும்" என்றான் அவளைப் பார்த்து.

வலை மேலும் கீழும் அசைந்தது.

அடுத்த நாளும் தட்டியது. அதற்கடுத்த நாள் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

ஞாயிறு வந்தது. அண்ணனும் வந்தார். மேசையில் அவன் மூன்று தட்டு வைத்தான். அவள் வழக்கமான நாற்காலியில் இருந்தாள். அண்ணன் உள்ளே வந்து அந்த நாற்காலியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடி நாற்காலியைப் பார்த்தார்.

"தங்கச்சி எங்க மாப்ள?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வேஷத்தைப் பார்த்து அண்ணனுக்கே அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தான்.

"உக்காருங்க மச்சான். இன்னும் ஒரு நிமிஷம். உங்க தங்கச்சியோட வியாதி என்னன்னு நீங்களே தெரிஞ்சுக்குவீங்க."

சுவர்க் கடிகாரத்தின் முள் பன்னிரண்டைத் தொட்டது.

அலாரம் அடித்தது.

நாற்காலியிலிருந்து இல்லை.

கீழேயிருந்து.

தரைக்கு அடியில், கனத்த கதவுக்குப் பின்னால், அது அலறிக்கொண்டே இருந்தது. அவன் கை தட்டின் மேல் அப்படியே நின்றது. எதிரே இருந்த சாம்பல் முக்காடு அவன் பக்கமாக மெல்லச் சாய்ந்தது. வலையின் நூல்களுக்கு இடையில் முதல்முறையாக அவன் உற்றுப் பார்த்தான்.

அங்கே முகம் இல்லை. பழைய அலுமினியத் தாள், மடிப்பு மடிப்பாக.

அண்ணன்தான் தாழ்ப்பாளைத் திறந்தார். தங்கச்சி, தங்கச்சி என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இறங்கிய குரல் பாதிப் படியில் உடைந்தது.

அங்கியை அவள் கழற்றி எட்டாத மூலையில் வீசியிருந்தாள். எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். விளிம்பைப் பல்லால் கடித்திருந்தாள், நகத்தால் கீறியிருந்தாள். தையல் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு, அதற்கு நேர் எதிர் மூலையில், சுவரில் இருந்த தாளை உரித்து உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு, சுருண்டு கிடந்தாள். கதவின் உட்பக்கத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் முகத்தை அவன் கடைசியில் பார்த்தான். அதில் வியப்பு எதுவும் இல்லை. அதுதான் அவனை அறுத்தது.

அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. வீட்டுக்குள் அவள் நடந்தாள், தட்டு வைத்தாள், கேட்டதற்குத் தலையாட்டினாள் என்று காவல் நிலையத்தில் தொண்டை வறளச் சொன்னான்.

அண்ணன் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் வந்தப்போ நாற்காலி மேல வெறும் துணிதான் கிடந்துச்சு. அதுகிட்டத்தான் இவன் பேசிக்கிட்டிருந்தான்."

வழக்கு முடிவதற்குள் அவனை மனநோய் மருத்துவமனையில், பூட்டிய வார்டுக்குள் ஓர் அறையில் வைத்தார்கள். கண்ணாடி பதித்த கதவு, வெள்ளைச் சுவர், மருந்து வாடை. அங்கே அவன் உடம்பில் எரிச்சல் ஆரம்பித்தது. யாராவது போனோடு தாழ்வாரத்தில் நடந்தால் எலும்புக்குள் ஊசி இறங்கியது. பகல் பன்னிரண்டு அடித்தால் தரைக்கு அடியில் அந்த அலாரம் கேட்டது. உடம்பை மூட ஒரு துணி கொடுங்கள், வெள்ளி நூல் துணி, என்று கெஞ்சினான்.

டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார்.

"உங்க உடம்புல ஒரு கோளாறும் இல்லைங்க. எல்லாம் மனசுதான்."

அவன் அழுதான். அவள் ஒருதரம்கூட இப்படி அழாமல் எப்படித் தாங்கினாள் என்று அப்போதுதான் நினைத்தான்.

மறுநாள் பகல் நர்ஸ் மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சிஸ்டர், வெளிய தாழ்ப்பாள் மட்டும் போட்டுடாதீங்க."

"எந்தத் தாழ்ப்பாள்? இந்தக் கதவுக்கு வெளிய தாழ்ப்பாளே கிடையாதே" என்று சிரித்துவிட்டு அவள் போனாள்.

கதவு சாத்திக்கொண்டது.

ஈர மண்ணும் துருவும் கலந்த வாடை வந்தது.

வெளியே இரும்பு இரும்பில் உரசி, நிதானமாக, துளைக்குள் விழுந்தது.

அவன் எழுந்து ஓடித் தள்ளினான். கதவு அசையவில்லை. கை நோகத் தட்டினான். தரைக்கு அடியில் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. கண்ணாடிக்கு அப்பால் நர்ஸின் முதுகு தெரிந்தது. அவள் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அது என்ன சத்தம்?"

அவள் பக்கத்தில் சாம்பல் துணியின் ஓரம் ஒன்று தெரிந்தது.

"குழாயில காத்து அடைச்சிருக்கும்" என்றது அவன் மனைவியின் குரல்.