வலது ஓரத்துப் பென்சில்

“யாரைக் கேட்டு என் பிள்ளைங்களுக்கு சைபர் போட்டீங்க?”

பரீட்சை அலுவலகத்தில், ஜியாவுல்லாவின் மேசைமேல் விரல்களை ஊன்றி நின்றாள் பில்கிஸ். ஆம்பூர் உருதுப் பெண்கள் பள்ளியின் சித்திர ஆசிரியை. இருபத்திரண்டு வயது... மூக்கு நுனியில் கோபம். வெளியே மழை. உள்ளே இந்தக் கண்கள்... யப்பா, என்ன கண்கள்!

ஜியாவுல்லா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான். பட்டணத்தில் படித்து வந்த பரீட்சை அதிகாரி அவன். தோல் தொழில் கற்பிக்கும் பள்ளி, கணக்குப் பள்ளி, தையல் வகுப்பு என்று ஊர் ஊராகப் போய், மாணவர்களின் கண்ணும் கையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சோதிப்பவன். வளைந்தோடும் இரண்டு கோடுகளுக்கு நடுவே, எதையும் தொடாமல் பென்சிலை ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

“இடது ஓரத்துல ஆரம்பிக்கணும். பதினோரு பேரும் வலது ஓரத்துல பென்சிலை வெச்சாங்க. தாளை வாங்கிட்டேன்.”

“இடதுன்னு சொன்னீங்களா?”

“அதையும் சொல்லணுமா இன்னா?”

திமிரைப் பாருங்கள்.

“நீங்க குர்ஆன் ஓதியிருக்கீங்க இல்ல? எந்தப் பக்கத்துலேர்ந்து ஓதினீங்க?”

அவன் காது மடல் சிவந்தது. வீட்டில் தமிழ், படிப்பெல்லாம் இங்கிலீஷ். உருதுவை வலமிருந்து எழுதும் பிள்ளைகள் இருப்பது நினைவுக்கே வரவில்லை...

“அந்தப் பதினோரு பேர்ல மஹ்பூபின்னு ஒருத்தி, பதினஞ்சு வயசு. இதுல தேறினா வேலூர்ல படிக்க உபகாரச் சம்பளம். தேறலைன்னா படிப்பை நிறுத்தி வீட்ல உக்கார வெச்சுடுவாங்க. தெரியுமா உங்களுக்கு?”

“முடிவு மேலிடத்துக்குப் போய்டுச்சு. இப்போ மாத்தினா என் பேரு கெட்டுடும்.”

“ஓ... உங்க பேரு ஜாஸ்தி, அவ படிப்பு கம்மி. அப்படித்தானே?”

பதிலுக்குக்கூட நிற்காமல் மழையில் இறங்கி நடந்தாள்.

மறுநாள் காலை அவனே பள்ளிக்கு வந்தான். தூங்காத முகம். பதினோரு பேருக்கும் மறுபடி தாள் கொடுத்தான். வலது ஓரத்தில் தொடங்கிய மஹ்பூபியின் பென்சில் ஒரு கோட்டையும் தொடாமல் இடது ஓரம் சேர்ந்தது. மாவட்டத்திலேயே அவள்தான் முதல். தோல் பள்ளிப் பையன்கள்கூடப் பின்னால்தான்.

அங்கேயே உட்கார்ந்து மேலிடத்துக்குக் கடிதம் எழுதினான். தவறு முழுவதும் என்னுடையது, பிள்ளைகளுடையது அல்ல. கீழே கையெழுத்து. தபாலில் போடும் முன் பில்கிஸிடம் நீட்டினான்.

“இதால உங்க வேலை போய்ட்டா?” அவள் குரல் இறங்கியிருந்தது.

“போகட்டும். நேத்து நீங்க கேட்டது நியாயம்தான். ராத்திரி பூரா உங்க முகம்தான்... எங்கம்மாவை உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?”

“அனுப்புங்க. ஆனா எனக்கு இன்னும் கோபம் தீரல.”

“என்மேலயா?”

“என்மேல.” முந்தானையை இழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “பிள்ளைங்களுக்காகச் சண்டை போட வந்தேன்... பாதித் திட்டுல உங்களைப் பிடிச்சுப் போச்சே.”